மூன்றாம் அறைச் சூனியக்காரி

என் அப்பாவுக்குச் சூனியக்காரி வேலை. யாராவது கேட்டால் அம்மா, "பொழுதுபோக்குத் துறையில இருக்கார்" என்பாள். அப்பா "எலக்ட்ரிகல்" என்று முனகுவார். நான்தான் உள்ளதை உள்ளபடி சொல்வேன். யாரும் நம்பமாட்டார்கள், அதனால் வம்பில்லை.

அதற்கு முன்னால் ஆட்டோவில் மைக் பிடித்தவர். "இன்று ஒரு நாள் மட்டும்" என்று வருஷம் முழுவதும் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கடைக்காரர்கள் அவர் குரலைப் பதிவு பண்ணி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்டார்கள். இப்போதும் செருப்புக்கடை ஆட்டோ எங்கள் தெருவில் போகும்போது, அப்பா அப்பாவையே கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

பிறகுதான் பொருட்காட்சித் திடலில் இருக்கிற பேய் வீடு. தகரக் கூரை, கறுப்புத் துணி, ஐந்து அறைகள். முதல் அறையில் எலும்புக்கூடு, இரண்டாவதில் கூரையிலிருந்து தொங்கும் கைகள், மூன்றாவதில் அப்பா. முதலாளி பார்த்த கார்ட்டூன்களில் சூனியக்காரிக்குக் கொக்கி மூக்கும் கூம்புத் தொப்பியும் கொதிக்கிற அண்டாவும் இருந்தனவாம். அண்டாவுக்குள் பச்சை பல்பு எரியும். நரைத்த பொய்முடியை மாட்டி, ரப்பர் மூக்கைப் பசை போட்டு முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த மூக்கை ஒருநாள் எடுத்துப்போய்க் கணக்கு வாத்தியார் நாற்காலியில் வைத்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை குறைந்துபோயிற்று.

எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட அப்பாவின் அறையில் வெளிறிப்போவார்கள். காரணம் மூக்கில்லை. அவர் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. அதன் மறுபக்கம்தான் ஜனம் வரிசையில் நிற்கும். நின்றால் வாய் சும்மா இருக்குமா? மாமியார், மார்க், செருப்புக் கடி என்று எல்லாமே வரும். அப்பா கேட்டு வைத்துக்கொள்வார். அவர்கள் உள்ளே வந்ததும் கிழக் குரலில், "வலது கால் செருப்பு கடிக்குதா, கண்ணு?" என்பார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. கடைசியாக எல்லாருக்கும் ஒரே வசனம்: "உன்கூட உக்காந்து சாப்பிடுறவளை நம்பாதே." தோழிகளாக வந்தவர்கள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு கத்துவார்கள். அந்த வசனத்தை அப்பா வீட்டில்தான் ஒத்திகை பார்த்தார். அம்மா அன்றைக்கு அவருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியோடு வந்தாள். மாத்திரையின் நிறத்தைப் பார்த்தே எந்த நோய்க்கு என்று சொல்லுகிறவள். வரிசையில் அவள் தோழியிடம் சொன்னது பிளைவுட் வழியாக அப்பாவுக்குக் கேட்டது. மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, டாக்டர் பயிற்சி கொடுத்துக்கொண்டே பொறுத்திருக்கச் சொல்கிறார், எவ்வளவு நாள்தான் பொறுப்பது.

அப்பா அண்டாவைக் கிளறியபடி, "பேசாத பிள்ளையை வீட்டுல விட்டுட்டா வந்தே?" என்றார்.

அந்த அக்கா கத்தவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். "யார் செஞ்சு வச்சது?" என்று கேட்டாள்.

பின்னால் அடுத்த கூட்டம் முட்டுகிறது. அறையில் யாராவது நின்றுவிட்டால் முதலாளி சத்தம் போடுவார். அப்பா வழக்கமான வசனத்தைச் சொல்லி அனுப்பிவைத்தார். டாக்டர் பொறுக்கச் சொன்னார், சூனியக்காரி கையோடு ஆளைக் காட்டிவிட்டாள். அவள் யாரை நம்புவாள்?

அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான். புருஷனுடைய தங்கை. புருஷன் லாரியில் வெளியூர் சுற்றுகிறவர். இவள் கடைக்குப் போனால் பையனைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, டாக்டர் சொன்ன பயிற்சியையும் கொடுக்கிறவள் அந்த நாத்தனார்தான்.

இதெல்லாம் அவளே திரும்ப வந்து சொன்னது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கி, எலும்புக்கூட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக மூன்றாம் அறைக்கு வந்து, ஒரு பை ஆப்பிளை அண்டா விளிம்பில் வைத்தாள். "நீங்க சொன்னது சரிதாம்மா. என் நாத்தனார்தான். அவளுக்குத் தட்டு டம்ளரெல்லாம் தனியா வச்சுட்டேன். பிள்ளையைத் தொட விடறதில்ல. வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டு அனுப்பறேன். அவ போனா பேசிடுவான்ல?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. மூக்கோடும் தொப்பியோடும் பின்னாலேயே ஓடினார். திடலில் இருந்தவர்கள் இதுவும் காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு குடும்பம் போட்டோ எடுக்க அவரை நிறுத்திவிட்டது. அதற்குள் அவள் ஏறிய பஸ் போய்விட்டது.

அம்மா ஆப்பிளை அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சரிதான்னு அவ சொன்னப்ப, ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையா இருந்துச்சுடி" என்றார். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அந்த ஆப்பிளை வீட்டில் யாரும் தின்னவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். வரிசையில் நின்று, அவளுக்கு எதிரே போய் நின்றதும், தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

"நம்ம வீட்டுல இத்தனை தலை இல்லீங்க" என்றாள் அம்மா.

"அவ முகத்தைப் பாத்தா வாய் வரல."

"நாலு தெருவுக்குக் கேக்குற வாய்."

"அது மைக்" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் மூக்கையும் முடியையும் ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் கொடுத்து, "நீயும் வா" என்றார். எதற்கு என்று கேட்டேன். "தனியாப் போனா திரும்பி வந்துடுவேன்" என்றார். மருந்துக்கடையில் விசாரித்து வைத்திருந்த அக்காவின் வீடு ஒரு தையல் கடைக்கு மேலே. படி ஏறும்போது இரண்டு தடவை நின்றார். மூச்சு வாங்கியது போல நடித்தார். அப்பா நல்ல நடிகர்தான், ஆனால் நான் அவர் மகள்.

கதவைத் திறந்தது நாத்தனார். சுவரோரம் ஒரு பை கட்டித் தயாராக இருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாக இருந்தன. மருந்துக்கடை அக்கா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

அப்பா சொன்னார். பிளைவுட், வரிசை, எல்லாருக்கும் சொல்லுகிற வசனம், ஒன்றையும் விடவில்லை. சொல்லச்சொல்லக் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

அக்கா நாத்தனார் பக்கம் திரும்பினாள். "ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கியா?"

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாது அண்ணி."

"அங்க இருந்தது வயசான பொம்பளை. கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பையை நீட்டினேன். பட்டப்பகலில், ஒரு வீட்டின் நடுக் கூடத்தில், அப்பா முடியை மாட்டி, பசை தடவி மூக்கை ஒட்டிக்கொண்டார். வெளிச்சத்தில் அந்த மூக்கு பார்க்கச் சகிக்கவில்லை. ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. கூனிக்கொண்டு அந்தக் குரலில், "பேசாத பிள்ளையை…" என்று ஆரம்பித்து, மேலே போக முடியாமல் நிறுத்திவிட்டார். அவ்வளவே போதுமாயிருந்தது. அக்காவின் முகத்தில் அது தெரிந்தது. நான் தரையில் ஒட்டியிருந்த ஒரு நூல் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையன் வீறிட்டான். அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் அத்தையின் கால்களைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவனைத் தொடவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவள்போல இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, அண்ணியையே பார்த்தபடி நின்றாள்.

அப்பா அவசரமாக மூக்கைப் பிடுங்கப் பார்த்தார். புதுப் பசை, வரவில்லை.

"தூக்கிக்கோ" என்றாள் அக்கா. அவள் கண் ஜன்னல் பக்கம் போய், டம்ளரைத் தொட்டுவிட்டு, உடனே விலகிற்று.

நாத்தனார் பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணுமில்லடா. மாமா சும்மா வேஷம் போட்டிருக்கார்" என்று முதுகைத் தட்டினாள். விக்கல் நிற்க நேரமாயிற்று.

"பையைப் பிரிச்சுடு" என்றாள் அக்கா.

"இல்ல அண்ணி."

"அதான் அவரே வந்து சொல்லிட்டாரே. நான் ஏதோ பிள்ளைக்காகத் தெரியாம…"

"இவர் சொன்னதும் நம்பினீங்க. இவர் இல்லன்னதும் நம்புறீங்க. நாளைக்கு வேற யாராவது சொல்லுவாங்க." சண்டைக் குரலே இல்லை. விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள். "ஹாஸ்டல்ல இடம் கேட்டு வச்சுட்டேன். அண்ணன் வந்தா நானே பேசிக்கிறேன்."

"தங்கச்சி, என்னாலதான்…" என்றார் அப்பா. அந்த மூக்கோடு சொன்னதால் அது மன்னிப்பு கேட்ட மாதிரியே இல்லை.

அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "தடவி ஊறவிடு. இழுத்தா தோலோட வந்துடும்."

படியில் உட்கார்ந்து நான்தான் ஓரம் ஓரமாகத் தடவிவிட்டேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். எண்ணெய் கண் வழியாகவும் வருமா என்ன, கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

மேலே கதவு திறந்தது. பையன் அவள் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்திருந்தான். அவள் குனிந்து, அவன் பிடியை மெதுவாகத் தளர்த்தி, "அத்தை வரேன்" என்றாள். நிமிர்ந்து அண்ணியிடம், "போறேன்" என்றாள்.

படி குறுகல். பையோடு அவள் இறங்கி வரவும், அப்பா பாதி மூக்கு தொங்க எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எங்களிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.