கதவைத் திறந்தது யார்

பாச்சை உருண்டையின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். எனக்கு இலக்கியம் ஞாபகம் வரும். வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே இலக்கியப் பரிசு அந்த வாசனையோடுதான் கைக்கு வந்தது. ஒரு புத்தகத்தைத் தங்குதடையின்றி வாசித்ததற்காகக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், பேருந்து நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போகிற ஊர் எங்களுடையது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு புத்தகங்கள். 'தானாகப் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்கு' என்று அட்டையில் போட்டு, பெரிய எழுத்தும் வண்ணப் படமுமாக, ஒவ்வொன்றின் மூலையிலும் பரிசு பெற்றதற்கு அடையாளமாக வட்டமான தங்க முத்திரை. அந்த முத்திரைதான் எங்களைக் கெடுத்தது. வெறும் புத்தகங்களாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் கிழித்திருப்போம், அந்தச் சாக்கில் கொஞ்சம் படித்தும் இருப்போம். பரிசு பெற்றவை என்றதும் தலைமையாசிரியருக்கு, எங்கள் வழக்கில் 'பெரிய வாத்தியாருக்கு', பயம் வந்துவிட்டது. "கையழுக்குப் பட்டாப் பரிசு போயிரும்" என்று சொல்லி, பன்னிரண்டுக்கும் காக்கி அட்டை போட்டு, தங்க முத்திரை மட்டும் வெளியே தெரியும்படி பிளேடால் வட்டமாக ஒரு சன்னல் வெட்டி, பாச்சை உருண்டை போட்டுக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார். தானாகப் படிக்க வேண்டிய நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பன்னிரண்டு தங்க வட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். கணக்குப் பாடம் ஓரளவு வந்தது.

பீரோ வருஷத்துக்கு ஒருமுறை, 'இன்ஸ்பெக்ஷன்' சமயத்தில் மட்டும் திறக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு புத்தகம் வெளியே வரும். வாத்தியார் அதன் முதல் நான்கு பக்கங்களைத் தினமும் உரக்கப் படிப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை அதை ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம் செய்துகொள்ளும், எந்தச் சொல்லில் தாளைத் திருப்புவது என்பது உட்பட. ஐந்தாம் பக்கத்துக்கு யாரும் போனதில்லை. அதற்குள் இன்ஸ்பெக்டருக்குக் கோழி வெந்துவிடும் என்பது பெரிய வாத்தியாரின் அனுபவம். அந்த வருஷம் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். எனக்குத் தொண்டை பெரிது. அந்த பீரோ எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது.

கதை, மழையைத் தேடிப் புறப்பட்ட ஒரு வாத்துக்குட்டியைப் பற்றியது. குளம் வற்றிவிட்டது, வாத்துக்குட்டி நண்டிடம் கேட்கிறது, பனைமரத்திடம் கேட்கிறது, யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் ஒரு கரட்டுக் குன்றின் உச்சியில் ஒரு வீட்டைக் கண்டு கதவைத் தட்டுகிறது. 'கதவைத் திறந்தது யார் தெரியுமா?' என்ற கேள்வியோடு நான்காம் பக்கம் முடியும். யாருக்கும் தெரியாது. வகுப்பு முழுக்க அந்தக் கதவு வரை தலைகீழாக ஒப்பிக்கும். புத்தகம் பீரோவுக்குள் போய்விடும்.

அந்தக் கதவைத் தாண்ட நினைத்தவள் பாவாயி ஒருத்திதான். என் வகுப்பு. அவளுடைய அப்பா எங்கள் விவசாயக் காட்டில் வேலை செய்தவர். ஆகவே நான் எட்டு வயதிலேயே, எந்தத் தகுதியும் இல்லாமல், அவளுக்கு மரியாதைக்குரிய 'ஏனுங்க' ஆகியிருந்தேன். அவளுக்கு நிஜமாகவே படிக்கத் தெரியும். மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதம், உரமூட்டை, லாரியின் பின்புறம் என்று கிடைத்ததையெல்லாம் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நான் வாசித்தேன். நண்டுக்கு ஒரு குரல், பனைமரத்துக்கு ஒரு குரல். தாளைச் சரியான இடத்தில் திருப்பினேன். அவர் சொக்கிப்போய், வேறு யாராவது வாசிக்கிறீர்களா என்றார். ஒத்திகையில் இல்லாத கேள்வி அது. பாவாயி எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கினாள். விரலை வைத்து, வா, த், து என்று தொடங்கினாள். அவள் குனிந்திருந்த வேகத்தைப் பார்த்தால், எப்படியாவது ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட வேண்டும் என்றுதான் கிளம்பியிருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. இரண்டாவது வரியில் இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இந்தப் புள்ளைக்கு இன்னும் பழகணும்" என்றார். பிறகு, இவ்வளவு நன்றாகப் படிக்கிற பையனிடமே இது இருக்கட்டும் என்று என் கையில் கொடுத்துவிட்டார். பெரிய வாத்தியாரின் முகம் பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர் முகம் போலாயிற்று.

மறுநாள் பாவாயி என்னிடம் வந்தாள். "ஏனுங்க, ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. கையக் கழுவிப்போட்டுத்தான் தொடுவனுங்க."

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவள் படித்துவிடுவாள். படித்தால் அதைப் பற்றிப் பேச வருவாள். பேசினால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். கையழுக்குப் பட்டால் பரிசு போய்விடும் என்றேன். அவள் அதையும் நியாயமாகவே எடுத்துக்கொண்டாள்.

"செரி, நீங்களே சொல்லுங்க. கதவத் தொறந்தது ஆருங்க?"

"சிங்கம்."

"சிங்கம் என்னங்க பண்ணுச்சு?"

"தின்னுபோட்டுது."

சிங்கத்தோடு கேள்விகள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முடிந்தது. அவள் அழவில்லை. அப்படியா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டல்தான் நாற்பது வருஷமாக என் கூடவே வருகிறது.

அந்தக் கோடையில் எங்கள் கிணறு காய்ந்தது. ரிக் வண்டி வந்து இரண்டு இடத்தில் ஆழ்துளை போட்டது. இரண்டிலும் வெள்ளைப் புழுதிதான் எழும்பியது. காட்டில் வேலை இல்லை. பாவாயியின் அப்பா குடும்பத்தோடு பள்ளிபாளையத்துக்குத் தறி ஓட்டக் கிளம்பினார். பிள்ளைகள் தார் சுற்றலாம், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் ஏற்றலாம். அதற்குப் படிப்பு தேவையில்லை. லாரியில் பானை சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும், சிங்கந்தானா, நல்லாப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இரண்டாவது வாய்ப்பு. நான் சிங்கம்தான் என்றேன்.

அடுத்த வருஷம் எனக்குப் படிக்க வந்தது. அந்தப் புத்தகத்தாலேயே வந்தது என்பது இதில் இன்னொரு கேவலம். நான்கு பக்கமும் மனப்பாடமாக இருந்ததால், எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று விரலை வைத்துப் பொருத்திப் பொருத்தி, பாவாயியைப் போலவே குனிந்து, ஒருநாள் ஐந்தாம் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்தது ஒரு மேகம். தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வாத்துக்குட்டி அதை எழுப்பி ஊருக்குக் கூட்டிவருகிறது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் நனைகிறார்கள். தானாக நான் படித்த முதல் வாக்கியம் என்னைப் பொய்யன் என்றது. வேறு யாருக்கும் இலக்கியம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்திருக்காது.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. கட்டடத்தில் ரேஷன் அரிசி அடுக்கியிருக்கிறார்கள். பீரோவைப் பற்றிக் கேட்டால் எந்த பீரோ என்கிறார்கள். என் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. நண்டு, பனைமரம், மேகம் ஒன்றையும் விடவில்லை, தங்க முத்திரையை மட்டும் தொடவில்லை. எனக்கு வயதாகிவிட்டதால் குழந்தைப் புத்தகங்களுக்குப் பரிசு கொடுக்கும் குழுக்களில் உட்காரவைக்கிறார்கள். வருஷாவருஷம் முத்திரை குத்திக் கொடுக்கிறேன். அவை எந்த பீரோவுக்குப் போகின்றன என்று நான் கேட்பதில்லை.

போன வருஷம் பள்ளிபாளையத்தில் தெரிந்தவர் ஒருவரின் தறிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னையே பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். பாவாயிதான். காதில் பஞ்சு ஒட்டியிருந்தது. பேரப்பிள்ளைகள் வரை ஆகிவிட்டதாம். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வாசலுக்கு வந்தோம். நாற்பது வருஷப் பாரத்தை அங்கே இறக்கிவைத்தேன்: அது சிங்கம் இல்லை, மேகம், வாத்துக்குட்டி சாகவில்லை, மழை வந்தது. எனக்கு அப்போது எழுத்தே தெரியாது என்பதை மட்டும், வயதுக்குத் தக்க கௌரவத்தோடு, விட்டுவிட்டேன்.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு அதே தலையாட்டல்.

"போங்க சாமி. மேகம் எந்திரிச்சு வந்திருந்தா எங்கப்பன் எதுக்குங்க எங்களத் தறிக்குக் கூட்டியாறாரு? சிங்கந்தானுங்க. அப்ப நீங்க நல்லாத்தான் படிச்சீங்க. பொறவுதான் எங்கியோ தப்பாப் படிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது."