வராத படகின் துடுப்பு

அமெரிக்காவில் யார் ஜனாதிபதியானால் எனக்கென்ன? அந்தமானில், மாயாபந்தர் ஜெட்டிக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அன்றைக்கு அங்கே ரேடியோவில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் தேர்தலாம். நிற்கிற ஒருவருக்கு வெளிநாட்டு விவகாரத்தில் அனுபவமே கிடையாதாம். அப்படிப்பட்ட ஆள் நாட்டை ஆளலாமா கூடாதா என்று அங்கே ஒரே அடிபிடியாம். டீக்கடையில் குந்தியிருந்த எங்கள் கரை ஆம்பிளைகளுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. ஏனென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் தலைவர் தேர்தல்.

எங்களுக்கு என்றால், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து அந்தக் கரையில் குடிசை போட்ட மீன்பிடிக் குடும்பங்களுக்கு. இருந்த தலைவர் கண் வைத்தியத்துக்கு மெயின்லேண்ட் போனவர் திரும்பவில்லை. இப்போது இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பர்மாக்காரர். எங்கள் ஆள்தான், ஆனால் ரங்கூன் துறைமுகத்தில் காலம் தள்ளிவிட்டு, அங்கே பட்டாளத்து ஆட்சி வந்தபிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். பர்மா பாஷை, இங்கிலீஷ் இரண்டும் பேசுவார். இன்னொருவர் ஜெட்டியில் மரம் ஏற்றும் கூலியாட்களுக்கு மேஸ்திரி. சொந்தப் படகும் உண்டு. அவருக்குத் தெரிந்த வெளிநாடு போர்ட் பிளேர்தான்.

"இங்க மண்ணெண்ணெய் வாங்கவும், வலை காயப்போட எடம் கேக்கவும் ஒரு ஆளு வேணும். அதுக்கு எதுக்குவே ரங்கூனு?" என்றான் ஒருவன்.

"அதான! அமெரிக்காக்காரனுக்கு வேணும். நமக்கு என்ன வெளிநாட்டு விவகாரம் கிடக்கு?" என்று சிரித்தான் அடுத்தவன்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கடை வாசலிலேயே நின்று கத்தினேன். "ஏன் இல்ல? எங்க வீட்டு ஆளு எங்க இருக்காவன்னு சொல்லுங்க பாப்பம்! அது உள்நாடா, வெளிநாடா?"

டீக்கடைக்கார வங்காளி பெஞ்சைத் துடைத்துவிட்டு, "பைட்டோ தீதீ, சாய் பியோ" என்றார். உட்கார்ந்து டீ குடிக்கிற நிலையிலா இருந்தேன்?

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் மூன்றாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன அன்றைக்குத் தென்மேற்குக் காற்று திடீரென்று வலுத்துவிட்டது. மற்றப் படகுகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. எங்கள் படகு பாய் கிழிந்து வடக்கே போவதைச் சரக்குக் கப்பலில் வந்தவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள். வடக்கே கொக்கோத் தீவு. அது பர்மா நாட்டுச் சொத்து. அங்கே ஒதுங்கியிருந்தால் அந்த நாட்டுப் பட்டாளம் பிடித்து வைத்திருக்கும். ஒதுங்காவிட்டால்? அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். வீட்டிலிருந்து ஜெட்டிக்கு, ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு. உலையில் அரிசி போட்டால் குழைந்துவிடும், குழம்பு வைத்தால் அடிப்பிடிக்கும். எந்தப் படகு வந்தாலும் ஓடிப்போய் இந்தியில் கேட்பேன். என் இந்தி அவர்களுக்குப் புரியாது, அவர்கள் இந்தி எனக்குப் புரியாது, ஆனாலும் கேட்பேன்.

புதிதாக வருகிற தலைவர்தான் போர்ட் பிளேருக்குப் போய் எங்கள் படகுக்காகப் பேச வேண்டும். அதனால் எனக்கு அது சாதாரணத் தேர்தல் இல்லை.

எங்கள் கரையில் ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. படகுக்கு ஒரு ஓட்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோவிலுக்கு முன்னால் மணலில் இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். ஒவ்வொரு படகுக்காரரும் தன் துடுப்பைக் கொண்டுவந்து, தனக்குப் பிடித்தவர் பக்கத்தில் மணலில் நடுவார். எந்தப் பக்கம் துடுப்பு அதிகமோ அவர் தலைவர். படகு அழிந்துபோனால் அந்த வீட்டுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லையென்றால், அந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று கரையே ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதற்கப்புறம் வெள்ளைச் சேலையோடு யாராவது வந்து நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரு செபமும் என் வாயில் வரவில்லை. முடிந்ததும் பொம்பிளைகள் பக்கத்திலிருந்து எழுந்து, இருவரையும் பார்த்து நேராகவே கேட்டேன். "எங்க வீட்டு ஆளு பர்மாவுல மாட்டியிருந்தா என்ன செய்வீய?"

பர்மாக்காரர் பொறுமையாகச் சொன்னார். "இங்க எழுதிக் குடுத்தா போர்ட் பிளேர் போவும். அங்கயிருந்து டில்லி. டில்லிக்காரன் ரங்கூனுக்கு எழுதுவான். அவிய பட்டாளத்துக்காரங்க. சத்தம் போட்டா முறுக்கிக்கிடுவாவ. வருசங்கூட ஆவும், தங்கச்சி. பொறுத்துத்தான் இருக்கணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எனக்கு டில்லியும் தெரியாது, பர்மாவும் தெரியாது. போர்ட் பிளேர்ல பெரிய சாப் ஆபீஸ் வாசல்ல போய் உக்காருவேன். 'ஜாவோ'ம்பான். போவ மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் உட்கார்ந்தால் பர்மாப் பட்டாளம் விட்டுவிடுமா? விஷயம் தெரிந்தவர்தான் வேண்டும் என்று நான் முடிவு பண்ணியாயிற்று. வீட்டுக்கு ஓடி, கூரை இடுக்கில் செருகியிருந்த மாற்றுத் துடுப்பை உருவி, தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தேர்தலை நடத்திய கோவில் உபதேசியார் வழியை மறித்தார். "படகு இல்லியே மா."

நான் பர்மாக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குப் போடத்தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! அவரோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "முறைன்னு பாத்தா, கரையில இல்லாத படகுக்கு ஓட்டு கிடையாது. எனக்குன்னு முறைய மாத்தக் கூடாது" என்றார். நேர்மையான மனுஷன். அந்த நேர்மையைத் தூக்கிக் கடலில் போடலாம் போல இருந்தது.

மேஸ்திரிதான் குரலை உயர்த்தினார். "படகு முங்குனத எவன்வே பாத்தது? பாத்தவன் முன்னால வா!" யாரும் வரவில்லை. "பாக்கல்லன்னா படகு இருக்கு. நீ நடு பிள்ள. யாருக்கு வேணாலும் நடு."

எனக்காகப் பேசியவர் ஒரு பக்கம், எனக்கு உதவக்கூடியவர் மறுபக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு பர்மாக்காரர் பக்கத்தில் துடுப்பைக் குத்தினேன். மேஸ்திரி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பர்மாக்காரர் தோற்றார். கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே தோற்றார். தங்கள் துடுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் என் துடுப்பைப் பிடுங்க மனசு வரவில்லை. பிடுங்கினால் அது வெறும் கட்டை. அங்கே நின்றால் அது ஒரு படகு. அப்படியே விட்டுவிட்டு வந்து, எனக்காகப் பேச இனி யார் இருக்கிறார்கள் என்று வீட்டு வாசலில் குத்தவைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆவதற்குள் மேஸ்திரி என் வீட்டைத் தாண்டிப் பர்மாக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"கிளம்பும்வே! நாளைக்கு ஸ்டீமர் இருக்கு. உமக்குப் பாஷை தெரியும். எனக்கு வெக்கம் கிடையாது. ரெண்டும் சேந்து போனாத்தான் வேலை நடக்கும்."

தோற்ற மனுஷன் மறுநாளே பெட்டியோடு கிளம்பினார். போர்ட் பிளேரில் ஒருவர் எழுதினாராம், ஒருவர் வாசலில் உட்கார்ந்தாராம். திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். ஆள் பர்மாவில் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு தகவல் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் காத்திருப்புதான். ஒரு தலைவருக்கு வெளிநாட்டு விவகாரம் தெரிந்திருக்க வேண்டுமா என்று இப்போது என்னிடம் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்தவன் வீட்டு வாசலுக்கு நடக்கத் தெரிந்தால் போதும் என்பேன். அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நடந்துகொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஸ்டீமரிலிருந்து என் வீட்டுக்காரர் இறங்கினார். தாடியும் எலும்புமாக இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "இவ்வளவு நாளாவா?" என்று கேட்டேன். அவர் கூடவே நடந்தார். கோவிலைக் கடக்கும்போது சட்டென்று நின்றார். துடுப்பு அங்கேயே நின்றது. வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிருந்தது. ஒருத்தரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"இது நம்ம துடுப்புல்லா? இங்க எதுக்கு நிக்கி?"

"தலைவர் எலெக்சன் வந்திச்சி."

"படகு இல்லாமலா? நான் செத்துட்டேன்னு சொல்லியிருப்பாவல்லா?"

"சொல்ல வந்தாவ," என்றேன். "அதுக்குள்ள நான் உங்க ஓட்டப் போட்டுட்டேன்."