சீன மருந்துக்குப் பத்தியம்

ஞாயிறு மாலை அப்பாவும் நானும் அவருடைய மாத்திரைப் பெட்டியை நிரப்பினோம். ஏழு நாள், காலையும் இரவும், பதினான்கு அறைகள். நான் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் வலது கையின் இரண்டு விரல்களால் எடுத்துப் போட வேண்டும். அதுவே கைப்பயிற்சியும். நான்கு மாதங்களுக்கு முன், பக்கவாதம் வந்த புதிதில், அந்தக் கையால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அன்று ஒரு மாத்திரையும் கீழே விழவில்லை. புதன்கிழமை காலை இரண்டாவது தாக்குதல். சனிக்கிழமை இறந்தார்.

அப்பா கோபாலசாமி, பொள்ளாச்சியில் மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். அம்மா இறந்தபின் அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் என்னோடு இருந்தார். இங்கே வந்து அறுபத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்தார். நோய் வந்ததும் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். மறுபடி ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை.

"நீ ஆபீசுக்கு லீவு போட்டுட்டு என்னயக் கூட்டிட்டுத் திரியோணுமா கண்ணு?"

இன்சூரன்ஸ் அனுமதித்த பிசியோதெரபி முடிந்ததும் டாக்டர் லின் என்ற சீன வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் கையிலும் காலிலும் ஊசிகள் குத்தி, அவற்றில் மெல்லிய மின்சாரம் விடுவார்.

"வோல்டேஜ் பத்தலைன்னு சொல்லு," என்றார் அப்பா.

சொன்னேன். லின் சிரித்தார், கூட்டவில்லை.

கஷாயம் வைக்க மூலிகைப் பொட்டலங்களும் தந்தார். ரத்தம் உறையாமலிருப்பதற்கான மாத்திரையோடு ஒத்துப்போகாத எதையும் சேர்க்கவில்லை, ஆனால் அந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றார். தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

"பத்தியம் என்னன்னு கேளு."

"ஐஸ் வாட்டர் மட்டும் அவாய்ட் பண்ணச் சொல்றாங்கப்பா."

"பத்தியமில்லாம அதென்ன மருந்து?"

கத்தரிக்காய், புளி, காபி மூன்றையும் விட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாட்டு மருந்து குடிக்கும்போது இங்கிலீஷ் மருந்து ஆகாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் விதி. அவர் இறந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின், அவருடைய அலமாரியில் மூலிகை தீர்ந்த ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். உள்ளே மாத்திரைகள். பெட்டியின் அறைகளைத் தினமும் அதில் காலி செய்திருக்கிறார். குப்பையில் போட மனம் வரவில்லை போலும். எண்ணினேன். பத்தொன்பது நாள் மாத்திரைகள்.

அதுதான் காரணமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். இருக்கலாம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்களுக்கும் வருவதுண்டு என்றார். கை தேறியது ஊசியாலா, பயிற்சியாலா, நாட்கள் போனதாலா என்பதும் தெரியாது. ஒரே ஒருவரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. புள்ளிவிவரம் என் தொழில்.

அடுத்த செவ்வாய் குடும்ப மருத்துவரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கார் ஓட்டத் தகுதி என்று படிவத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார், மிஸ்டர் கோபாலசாமி வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள் ஒரு பெண். அப்பா அப்படி ஒன்றைக் கொடுத்திருந்ததே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு வாஞ்சிநாதன் அங்கிளிடம் கேட்டேன்.

"நான்தாம்மா டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். ஃபார்ம் வந்ததும் நாங்க ரெண்டு பேரும் போய் வாங்கி, லைசென்ஸ் ஆபீஸ்ல குடுக்கறதா பிளான். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னார்."

படிவத்தை யாரும் இன்னும் போய் வாங்கவில்லை.