எதிர்ப்பக்கம் சுழன்ற புரதம்

போன வாரம் காவலூர் பஸ் நிறுத்தத்தில் சீத்தாப்பழம் வாங்கினேன். தின்னாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தேன். மேடெல்லாம் வெளிர்பச்சை, பள்ளமெல்லாம் இருட்டு. பழக்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னாம்மா, சொத்தையா இருக்குதா?" பழத்தில் சொத்தை எதுவும் இல்லை. எனக்கு சார் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஆளை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

வேலூரில் அவர் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டூடியோ இல்லை. மூலக்கூறுகளைக் கணினியில் உருவாக்கி, நிறமும் வெளிச்சமும் கொடுத்து, தொட்டுப் பார்க்கலாம் போலப் படமாக்கித் தருகிற இடம். வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைச் சேர்த்துக்கொண்டார். "எம்பொண்ணு கண்ணுக்குத் தெரியாதத போட்டோ புடிக்கிறா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். காவலூர்க்காரர்கள் அசரவில்லை. பக்கத்திலேயே பெரிய தொலைநோக்கியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதற்கெல்லாம் அசருவார்களா?

ஊரடங்கு வந்தபோது கம்பெனி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது வந்த வேலைதான் அந்தப் புரதம், ஒரு பேராசிரியர் தன் கட்டுரை வரும் ஆய்விதழின் அட்டைக்குக் கேட்டது. மென்பொருள் தருவதை அப்படியே விட்டால் பிளாஸ்டிக் பொம்மை போலப் பளபளக்கும். எனக்கு அது பிடிக்காது. ஜன்னலோரம் ஒரு சீத்தாப்பழத்தை வைத்து, பள்ளங்கள் எப்படிக் கறுக்கின்றன என்று பார்த்துப் பார்த்துப் புரதத்தின் மேற்பரப்பைச் செய்தேன். "துன்ற பொருள வெச்சிக்கினு இன்னாடி வேடிக்க?" என்று அம்மா அதட்டுவார். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது; படம் முடிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். திரும்ப முதலிலிருந்து. ஒரு பழம் அழுகி, இன்னொரு பழம் வந்தது. கடைசியில் மேற்பரப்பைப் பாதி விலக்கி, உள்ளே இருக்கும் சுருள்களைக் காட்டினேன். அழகென்றால் அப்படி ஓர் அழகு. நானே சொல்லக்கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்லவில்லையே.

அட்டை ஓரத்தில் படம் செய்தவர் பெயரைப் போடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அச்சில் என் பெயர்.

அச்சுக்குப் போகும் முன் சார் அட்டையை அனுப்பினார். ஓரத்தில் அவர் பெயர். உடனே போன் செய்தேன்.

"சார், எம்பேரு?"

"கம்பெனி வேலம்மா இது. கம்பெனின்னா நான்தான? நீ ஸ்பெல்லிங் மட்டும் பாரு, போதும்."

போனை வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தலைப்புக்கு இடது பக்கம் இடம் வேண்டுமென்று, கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடவலம் திருப்பிப் போட்டிருந்தார். கல்யாண போட்டோவை அப்படித் திருப்பினால் மாப்பிள்ளை பக்கம் மாறி நிற்பார், குடி முழுகிவிடாது. ஆனால் நம் உடம்பின் புரதச் சுருள்கள் ஸ்குரூ ஆணி போல ஒரே பக்கம் சுழல்பவை. திருப்பினால் எதிர்ப்பக்கம் சுழலும். அப்படியொரு புரதம் எந்த உயிரிலும் கிடையாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ஸ்பெல்லிங் மட்டும் பார்த்தேன். ஸ்பெல்லிங் எல்லாம் சரியாக இருந்தது.

இதழ் வந்தது. யாரோ பார்த்துச் சிரித்துப் பேராசிரியருக்கு எழுதிவிட, அவர் சாரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பாத்தியே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"ஸ்பெல்லிங் மட்டும்தான பாக்கச் சொன்னீங்க சார்."

அன்றைக்கு என் வயிறு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா! சோறுகூட இரண்டு வாய் அதிகமாக இறங்கியது.

அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள். அட்டைப் படத்தில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம், படத்தைச் செய்தவர் இன்னார் என்று. இன்னார் என்றால் நான். இனிஷியலோடு முழுப் பெயர். சார்தான் கொடுத்திருக்கிறார். அன்றே வேலையை விட்டேன்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இரண்டு வரி தட்டினால் கணினியே படத்தைப் போட்டுக் கொடுத்துவிடுகிறது, யார் பெயரும் தேவையில்லை. போகட்டும். போன மாதம் ஒரு கல்யாணத்தில் சாரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் சேர்த்துவைத்த வசவெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "அந்த அட்டைப் படம் சார்" என்று ஆரம்பித்தேன். அவர் யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார்.

"எந்தப் படம்மா?" என்றார். "சாப்ட்டியா?"

ஸ்டூடியோ போனது, தொழில் போனது, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எனக்குச் செய்ததை அவரே மறந்துபோனதைத்தான் பொறுக்க முடியவில்லை. இனி நான் யாரைப் போய்த் திட்டுவது, சொல்லுங்கள்.