மீன் தொடாமல் கோவாவில் மூன்று நாள்

சனிக்கிழமை, விடியற்காலை. பெங்களூரில் நாங்கள் ஏறிய வண்டி இரண்டு மணி நேரம் தாமதம். யாரையாவது திட்டியாக வேண்டுமே என்று எதிரே இருந்த பாவாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவா என் அக்கா தனத்தின் புருஷன், அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர்கள் இருவருக்கும் பாஸ். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு மட்டும் டிக்கெட்.

"வாய மூடிகினு வெளிய பாரு மச்சான்," என்றார் பாவா.

பார்த்தேன். திட்டு தொண்டையிலேயே நின்றுவிட்டது. பச்சை மலையின் உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு அருவி இறங்குகிறது. ரயில் பாலம் அதன் குறுக்கே போகிறது. துத்சாகர் என்றார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் இருட்டில் தாண்டியிருப்போம். தாமதமாக வந்ததற்கு முதல் முறையாக ஒரு வண்டியை வாழ்த்தினேன்.

மட்காவ் ஸ்டேஷனிலிருந்து பெனாலிம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. ஃபிலோமினா என்ற அம்மாவின் வீட்டில், ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு என்று இரண்டு அறை. வாசலிலிருந்து தென்னந்தோப்பு வழியாக ஐந்து நிமிடம் நடந்தால் கடல். அப்பப்பா, என்ன வெயில், என்ன நீலம்! எங்கள் ஊர் வெயில் ஆளை வீட்டுக்குள் துரத்தும். இந்த வெயில் வெளியே வா வா என்று கூப்பிடுகிறது.

மதியம் சாப்பாட்டில் தேங்காய் அரைத்த மீன் குழம்பு, ரவையில் புரட்டி வறுத்த வஞ்சிரம். கோகம் என்ற புளிப்புப் பழத்தில் செய்த சர்பத்தும் வந்தது. நான் மீன் கூடைக்குள் விழுந்த பூனை மாதிரி ஆகிவிட்டேன். பாவா பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தார்.

இது அநியாயம். மீன் என்றால் உயிரை விடுகிற மனுஷன். தை மாதம் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து, கொழுப்பு ஏறிவிட்டது என்று சொல்லி நிறுத்தியிருந்தார். மூன்று நாளைக்காவது வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்றுதான் அக்கா கோவாவையே பிடித்தாள்.

"ஒரு துண்டுங்க. ஒண்ணும் ஆவாது," என்றாள்.

"வயிறு சரியில்ல தனம்."

ஞாயிறு காலை, நாள் வாடகைக்குக் கார் எடுத்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய கோவாவுக்குப் போனோம். செங்கல் நிறக் கல்லில் கட்டிய பெரிய மாதா கோயில்கள். உள்ளே பொன்னிறப் பீடம் கூரை வரை எழும்பி நிற்கிறது. கூட்டமாகப் பாடினார்கள். மொழி புரியவில்லை, உடம்பு சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டேன், எங்கே நின்றால் என்ன!

அங்கிருந்து பணஜி. ஊர் நடுவே, மேட்டின் மேல், பால் வெள்ளையில் ஒரு மாதா கோயில். அதற்கு ஏறப் படிகள் இடமும் வலமுமாக மடிந்து மடிந்து போகின்றன. அக்கா கீழேயே நின்றுவிட்டாள். "என்னால ஆவாதுடா சேகரு. நீ போய்க்கினு வா." படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் படியைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். திருத்தணி மலைக்குக்கூட ஆட்டோவில்தான் போய்வருகிறாள். நான் மட்டும் ஏறினேன். மேலிருந்து பார்த்தால் ஓட்டு வீடுகள், ஆறு, படகுகள். கீழே அக்காவும் பாவாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீடு திரும்பி மதியச் சாப்பாடு. அன்றைக்குக் கானாங்கெளுத்தி. பாவா மறுபடியும் பருப்புக் கிண்ணத்தை இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாவா, நேத்து வயிறு. இன்னிக்கு இன்னா? அந்தம்மா மூஞ்சியே சுண்டிப்போச்சு. விஷயத்தச் சொல்லுங்க."

பாவா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கொழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரில வேண்டிக்கினேன். இவ தன் கால்ல படியேறி முருகன் எதிர்ல வந்து நிக்கிற வரிக்கும் கவிச்சி தொட மாட்டேன்னு."

அக்கா எழுந்துவிட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? உன்ன யாரு வேண்டிக்கச் சொன்னது?"

"சொன்னா நீ பயந்துகினே ஏறுவ. அதான்."

அவள் விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

ஈர மணலில் வடக்குப் பக்கமாக நடந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. நாங்கள் இருபதடி பின்னால் குற்றவாளிகள் மாதிரி போனோம். பிறகு அவளே மெதுவாக நடந்தாள், அலையில் காலை வைத்தாள், எங்கோ உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். பொழுது சாய்ந்தது. சென்னையில் கடலிலிருந்து சூரியன் எழும்பிப் பார்த்திருக்கிறேன். அது கடலுக்குள் இறங்கிப் பார்த்ததே இல்லை. சிவப்பாக, பெரிசாக, அவசரமே இல்லாமல் தண்ணீருக்குள் போனது. கரையில் இருந்த அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

அக்கா திரும்பினாள். "நம்ம வீடு எங்கடா?"

காவலுக்கு நின்ற பையனிடம் பாவா இந்தியில் கேட்டார். நாங்கள் நிற்பது கோல்வாவாம். பெனாலிம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல்.

"அவ்ளோ தூரமா நடந்துகினு வந்தேன்?" அக்கா தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வலிக்கவில்லை என்றாள். கோபத்தில் பயமே மறந்துபோயிருந்தது.

"அப்ப இன்னிக்கு மீன் சாப்புடலாம் பாவா," என்றேன்.

"மணலு படியாவுமா மச்சான்? போடா."

திங்கட்கிழமை கிளம்பும்போது ஃபிலோமினா அம்மா பாவாவுக்கென்று தனியாகத் தேங்காய்ப் பர்பி கட்டிக் கொடுத்தார். விரதம் என்று தெரிந்ததும் அவருடைய வருத்தமெல்லாம் போய்விட்டது. தவக்காலத்தில் தாங்களும் இப்படித்தான் என்றார்.

செவ்வாய் சாயங்காலம் திருத்தணி. வழக்கமான நெரிசல், வழக்கமான புழுதி. ஆட்டோவைக் கூப்பிட்டேன். "பைய மட்டும் ஏத்து," என்றாள் அக்கா. நேராக மலையடிவாரம். முதல் படியில் அரை நிமிடம் நின்றாள். பாவா தாங்கப் போனார், தட்டிவிட்டாள். பத்துப் படிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள், சுவரைப் பிடித்தாள், "முருகா" என்றாள், என்னை இரண்டு தடவை வைதாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. கோவாவில் கண்டதெல்லாம் அதிசயம்தான். ஆனால் அந்தப் படிகளில் என் அக்கா ஏறியதைப் பார்த்த மாதிரி வேறெதையும் நான் பார்த்ததில்லை.

மேலே வந்ததும் பாவா கன்னத்தில் போட்டுக்கொண்டு குலுங்கி அழுதார். அக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"இனிமே என்னக் கேக்காம என் காலுக்கு வேண்டிக்காத."

"ஆங்."

தரிசனம் முடிந்து இறங்கும்போது பாவா என் காதருகே வந்தார். "மச்சான், மீன் கடை இந்நேரம் தொறந்திருக்குமா?"

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "இன்னிக்கு செவ்வாக்கெழம. முருகனுக்கு உகந்த நாளு," என்றாள். "நாளைக்கு வஞ்சிரம். நானே போயி வாங்கியாறேன், நடந்து."