பிலோமினா விழுங்கிய ஒரே மிடறு

என்னோடு ஒரே கம்பனியில் வேலை செய்த விஜேபாலவின் அழைப்பு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் விலைக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "நடா, பிலோ கியா" என்றான். சிங்களத்தில் அவ்வளவுதான். பிலோ போய்விட்டார். பேரம் பேசிய முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு, கடைக்காரர் பின்னால் கூப்பிடுவதையும் கேளாமல் காலி வீதிக்கு வந்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். களுபோவில ஆஸ்பத்திரியில் விடியற்காலை உயிர் பிரிந்ததாம். மகள் ரோசி பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

பிலோமினாவைத் தெரிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் சாராயக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் முப்பது வருஷம் ருசி பார்த்தவர் அவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு கிளாஸ், கிளாசின் மேல் ஒரு சோசர். வாசம் தப்பி ஓடாமல் இருக்கத்தான் அந்தச் சோசர். ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொண்டைக்குக் கீழே இறக்காதவர். வாயில் வைப்பார், கண்ணை மூடுவார், துப்புவார். "துப்பத் தெரிஞ்சவங்களுக்குத்தான் மேன் இந்த வேல" என்பார். தவக்காலத்தில் இது பாவமில்லையா என்று ஒருமுறை சீண்டினேன். "விழுங்கினாத்தானே பாவம்? அது ஆண்டவருக்கும் எனக்கும் பேசி முடிச்ச விஷயம், நீ இடையில வராத" என்றார்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே இரசாயனப் பிரிவில் சேர்ந்தது யுத்த காலத்தில். தற்காலிக நியமனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இளைய முதலாளி கையெழுத்திட்டு ஒரு கடிதம் தருவார், 'இவர் எங்கள் ஊழியர்' என்று. அந்தக் கடிதம் இருந்தால்தான் வெள்ளவத்தை லொட்ஜில் இடம், பொலிஸ் பதிவு, எல்லாம். கடிதம் இல்லாத வடபகுதிப் பெடியனின் கதி அந்த நாட்களில் என்ன என்று கொழும்பில் இருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு காலையில் பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்து எங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். புதுப்பித்த கடிதம் நான் வாங்கிக்கொள்ளாமல் கம்பனிக் கந்தோரில் கிடந்தது. எட்டு மணிக்கெல்லாம் பிலோ அந்தக் கடிதத்தோடு பஸ் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். இவரை வைத்துக்கொண்டால் இந்த வாரம் ஒரு போத்தல்கூடப் பரிசோதனை முடிந்து வெளியே போகாது, அப்புறம் பொலிஸ் மாத்தயாமார்தான் தாகத்தோடு இருக்க வேண்டும் என்று சொன்னாராம். அதிகாரி சிரித்துவிட்டார். நான் வெளியே வந்தேன். வாசலில் வைத்து எனக்கு நல்ல ஏச்சு. "கடிதாசிய வாங்கி வச்சிக்கத் தெரியாதா? மூளைய அடகு வச்சிட்டியா?" ஏசி முடித்து மீன் அடைத்த மாலு பணிஸ் வாங்கித் தந்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இனி அந்தப் போத்தலின் கதை. பிலோவைத் தெரிந்த எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் சரியாகக் கேட்டதில்லை.

இளைய முதலாளி அமெரிக்கா போய் வந்தபோது ஒரு போர்பன் கொண்டுவந்தார். சோளத்தில் வடித்து, உட்புறம் கரித்த ஓக் பீப்பாயில் வருஷக்கணக்காக வைத்த விஸ்கி. பல பீப்பாய்களைக் கலக்காமல், ஒரே ஒரு பீப்பாயிலிருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல் அப்படியே அடைத்தது. மொத்தமே கொஞ்சப் போத்தல்கள்தான். லேபிளில் பீப்பாயின் இலக்கத்தைப் பேனையால் எழுதியிருந்தார்கள். வீரியம் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். எங்கள் ஹல்மில்ல மரப் பீப்பாய்களிலும் ஒன்றைத் தெரிந்தெடுத்து இப்படியே தண்ணீர் சேர்க்காமல் வெளியிட வேண்டும் என்பது அவர் ஆசை. "முதலில் இதைச் சுவைத்துப் பாருங்கள். பிறகு பிலோ என்னோடு அமெரிக்கா வந்து அவர்கள் எப்படிப் பீப்பாய் தெரிவு செய்கிறார்கள் என்று பார்க்கட்டும்" என்றார்.

பிலோவுக்கு அமெரிக்கா! கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினார். நீலச் சேலை உடுத்து, கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தார். அதைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். "மூக்கு பெருசா விழுந்திரிச்சி" என்று கவலை. அந்த மூக்குக்குத்தான் டிக்கட் என்றேன். முதுகில் ஒன்று வைத்தார்.

ருசி பார்ப்பது மறுநாள் பத்து மணிக்கு. போத்தல் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எங்கள் ஆய்வுகூடத்தில் எந்தச் சரக்கு வந்தாலும் முறை ஒன்றுதான்: பெரிய குடுவையில் ஊற்று, சின்ன மாதிரிக் குப்பியில் கொஞ்சம் எடுத்து முத்திரை வை, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டு வழமையான சாராய அளவுக்கு இறக்கு. அப்போதுதான் எல்லாச் சரக்கையும் ஒரே தராசில் நிறுக்கலாம். ஆயிரம் தடவை செய்த வேலை. அன்று லொட்ஜ்காரர் அறையை விடச் சொல்லியிருந்தார். மனம் அங்கே, கை இங்கே. கை தன் பாட்டுக்கு ஊற்றியது, குப்பியில் எடுத்தது, முத்திரை வைத்தது, தண்ணீர் விட்டது. குடுவை கழுத்துவரை நிரம்பியபோதுதான் லேபிளைப் பார்த்தேன்.

ஐயோ கடவுளே! தண்ணீர் சேர்க்காததே பெருமை என்று கடல் கடந்து வந்த சரக்கு. ஒரு போத்தல் இப்போது கிட்டத்தட்ட இரண்டு போத்தல். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய மட்டத்துக்குப் போத்தலை நிரப்பி மூடினேன். மிச்சத்தை அலுமாரிக்குள் ஒளித்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம்தான் என் கடிதம் கையெழுத்துக்கு முதலாளியின் மேசையில் இருந்தது.

மறுநாள் நால்வர் உட்கார்ந்தோம்: முதலாளி, விஜேபால, பிலோ, நான். முதலாளி ஒரு மிடறு குடித்து, "என்ன நெருப்பு!" என்றார். விஜேபால "ஷா! ஷா!" என்று தலையை ஆட்டினான். நானும், அந்த வெட்கங்கெட்ட நானும், "நல்ல காரம், சேர்" என்றேன். பிலோ தன் கிளாசை எடுத்தார். வாயில் வைத்தார், துப்பினார். பிறகு தன் வழக்கப்படி கிளாசை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். வீரியமான சரக்கானால் அந்தச் சொட்டு எண்ணெய் இழைபோலச் சுருண்டு சுருண்டு இறங்கும். இது விழுந்த இடம் தெரியாமல் கலந்துபோயிற்று. கிளாசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"சேர், இது பீப்பாய்ச் சரக்கு இல்ல. தண்ணி பட்டிரிக்கு" என்றார்.

கடிதம் போச்சு, நானும் போனேன் என்று நினைத்தேன். முதலாளி எழும்பிவிட்டார். யார், யார் தொட்டது என்று கேட்டார்.

"நான்தான் இறக்கச் சொன்னேன், சேர். அந்தச் சூட்டுல முதல் மிடறுலயே நாக்கு செத்துரும் என்று நெனச்சேன். கேட்டிருக்கணும், தப்புத்தான். நடா வேணாண்டுதான் சொன்னாரு. ஆனா கலக்காதது குப்பியில இரிக்கு. எடு நடா" என்றார் பிலோ.

குப்பியை எடுத்தேன். முத்திரையை உடைத்தேன். நால்வருக்கும் ஒவ்வொரு தேக்கரண்டி வந்தது. அப்போதுதான் அந்தப் போர்பன் யாரென்று தெரிந்தது. மூக்கை வைத்தால் கண் கலங்கியது. சோசரால் மூடிக் கொஞ்சம் காத்திருந்து திறந்தால் கருகின சீனி, வனிலா, காய்ந்த பலாச்சுளை. நாக்கில் சூடு, அதற்குப் பின்னால் இனிப்பு. சொட்டுத் தண்ணீர் விட்டதும் இழை சுருண்டது, பிலோ சின்னப்பிள்ளை மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இரிக்கு, ஆனா கை ஓங்கல்ல. நல்ல சரக்கு. கடைசியில பலகை கொஞ்சம் கசக்குது சேர், ஒரு வருஷம் முந்தி இறக்கியிருக்கணும்" என்றார். முதலாளி அதைக் குறித்துக்கொண்டார், முகம் கொடுக்காமல்.

துப்பும் பாத்திரம் பிலோவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் துப்பவில்லை. விழுங்கினார். நான் மட்டும்தான் கண்டேன்.

அடுத்த கிழமை அமெரிக்காவுக்குப் பிலோவுக்குப் பதிலாக விஜேபால போவான் என்று அறிவித்தார்கள். என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. நான் பிலோவிடம் ஓடினேன். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்? நான்தானே தண்ணி விட்டனான், நான் போய்ச் சொல்லுறன்" என்றேன். "சும்மா கெட மேன். எனக்குப் போறது ஒரு டிக்கட். உனக்குப் போறது கழுத்து" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "கானாவூர்க் கலியாணத்துல ஆண்டவர் தண்ணியத் திராட்ச ரசமாக்கினார். நீ ரசத்தத் தண்ணியாக்கிட்டியே, பாவி!"

ஏன் விழுங்கினீர்கள் என்று கேட்டேன். "அங்க போய்த் துப்பப்போறத இங்கயே முழுங்கிட்டேன். எனக்கு அமெரிக்கா அவ்வளவுதான்" என்றார். சரக்கைப் பற்றிப் பொய் சொல்லாத நீங்கள் முதலாளியிடம் பொய் சொன்னீர்களே என்றதற்கு அவர் தந்த பதில் இது: "சரக்கப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன். மனுசரப் பத்திக் கேட்டா, யோசிச்சுத்தான் சொல்லுவேன்."

பிறகு நான் நிரந்தரமானேன். யுத்தம் முடிந்தது. முதலாளி வெளிநாடு போய்க் குடியேறினார். எனக்குப் பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் சொல்லவில்லை. 'பிலோ தண்ணி விட்ட அமெரிக்கச் சரக்கு' என்பது கம்பனியின் நிரந்தரப் பகிடி ஆயிற்று. அவருடைய பிரியாவிடையில்கூடச் சொன்னார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், என்னைப் பார்க்காமல்.

கொட்டாஞ்சேனையில் மரண வீட்டில் விஜேபால அதே பகிடியைச் சொன்னான். அன்போடுதான் சொன்னான், அவன் கண்ணிலும் தண்ணீர். ரோசி, நீயும் அழுதுகொண்டே சிரித்தாய். "அம்மா வேலையில செஞ்ச ஒரே தப்பு அதுதான், இல்லியா அங்கிள்?" என்று என்னைக் கேட்டாய். நான் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு நிமிர்ந்தால், மெழுகுதிரிகளுக்கு நடுவில் பெரிதாக்கி வைத்திருந்த படம். நீலச் சேலை. பெரிதாக விழுந்த மூக்கு. அம்மாவிடம் இருந்ததில் இதுதான் நல்ல படம், எதற்கு எடுத்தார் என்று தெரியாது என்றாய்.

எதற்கு எடுத்தார் என்று இப்போது உனக்குத் தெரியும்.

அந்தச் சின்னக் குப்பி என்னிடம் இருக்கிறது. வெறுங்குப்பி. மூடியைத் திறந்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கருகின சீனி வாசம் இருப்பதாக எனக்குத் தோன்றும். பிலோ இருந்தால் "ஒண்ணுமில்ல மேன், உன்ட நெனப்பு" என்பார். சரக்கைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வரும்போது அதை உன்னிடம் தருவேன். விஜேபாலவும் கம்பனி ஆட்களும் அங்கே இருப்பார்கள். எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லத்தான் போகிறேன். அன்றைக்கும் என் நாக்குப் புரளாவிட்டால், இந்த எழுத்து இருக்கட்டும்: ரோசி, உன் அம்மா வேலையில் ஒரு தப்பும் செய்யவில்லை. தண்ணீர் விட்டது நான்.