கூக்கால் பஸ் வரட்டும்

தெய்வானை அக்கா இறந்துபோன செய்தி எனக்குக் கூக்காலிலிருந்து வந்தது. அக்காவின் வீடு செண்பகனூரில். நான் இருப்பது கொடைக்கானல் டவுனில், டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் இறங்கிவிடலாம். கூக்காலோ மேல்மலையின் கோடியில் கிடக்கிற ஊர். அங்கே ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பாண்டிச்செல்விதான் காலையில் போன் செய்தார்.

"சார், அக்கா போயிட்டாங்க சார். தெனமும் வெள்ளனே எனக்குப் போன் போட்டு, நூலகத்தத் தெறந்தாச்சான்னு கேப்பாங்க. இன்னைக்கி வரலையேன்னு நானே போட்டேன். அவுக மக எடுத்து அழுகுது."

கல்லூரி நூலகத்தில் அன்றைய நாளிதழ்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தையும் கோத்து மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பேப்பரைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்ற பயம் அந்த நேரத்திலும் இருந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் கிளை நூலகத்து அம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகப் பெற்றோருடன் வந்து இந்த மலையில் இறங்கியவர். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படித்து நூலகரானவர். மழைக்காலத்தில் புத்தகங்களில் பூசணம் பிடிக்காமலிருக்க பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார். குளிர் தாங்காமல் அந்த பீரோப் பக்கம் வந்து நிற்பவர்களை விரட்ட மாட்டார். "கை சூடேறுற வரைக்கும் சும்மாவா நிப்பீங்க? ரெண்டு பக்கம் வாசிங்க" என்று கையில் எதையாவது திணிப்பார். அப்படி நின்று வாசகரானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கவலை அந்த அக்காவைப் பற்றியதல்ல. அவரை எல்லோரும் புகழ்ந்தாயிற்று. நான் சொல்ல வந்தது சங்கத்துக்காரி தெய்வானை அக்காவைப் பற்றி. அவரை நாம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

நாடு முழுவதற்குமாக நூலகர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மாநாட்டுப் பையையும் சால்வையையும் தவிர அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அக்கா அப்படிக் கேட்டதே இல்லை. வக்கீலுக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இருக்கிறது, டாக்டருக்கு ஒன்று என்றால் இருக்கிறது, நமக்கு மட்டும் ஏன் இல்லை என்பார். நம் மலைக்கிளையின் செயலாளராக, பணி ஓய்வுக்குப் பிறகும், கடைசிவரை இருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பட்டம் இல்லாமல், நிரந்தர வேலையும் இல்லாமல், அரைநாள் சம்பளத்தில் கிராமத்து நூலகங்களைத் திறந்து வைத்திருக்கிறவர்களைச் சங்கம் முழு உறுப்பினராக்கி ஓட்டுரிமை தர வேண்டும். ஓட்டு இல்லாதவர்களின் வேலைக்காக எந்தச் சங்கமும் வாயைத் திறக்காது என்பது அவர் கட்சி. மலைக்கிளை தன்னளவில் அவர்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. மேலிடம் சம்மதிக்க வேண்டுமென்றால் கிளையின் பொதுக்குழு முறைப்படி கூடித் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். வந்தது வினை. நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் மன்னவனூரிலும் கூக்காலிலும் அதையொட்டிய ஊர்களிலும் இருந்தார்கள். அவர்கள் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள்கணக்கு, சேரும். அவர்கள் வருவது பஸ்ஸின் கையில் இருந்தது.

சங்கம் நடத்தியவர்களுக்கு ஒரு வழி தெரியும். சொன்ன நேரத்துக்குக் கோரம் இல்லையென்றால் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைக்கலாம். பிறகு அதே இடத்தில் கூடினால், இருக்கிறவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் கூட்டம் செல்லும். ஊரில் பாதிச் சங்கங்கள் இந்த அரை மணி நேரத்தில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. முதல் பொதுக்குழுவன்று பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து முடித்துவிடலாம் என்றேன்.

"நாம டீ குடிச்சா அவங்க வந்துருவாங்களா தம்பி? கூக்கால் பஸ் வரட்டும்."

பஸ் வரவில்லை. வழியில் பாதை தெரியாதபடி மஞ்சு இறங்கி எங்கேயோ நிறுத்திவிட்டார்கள். அவித்துக் கொண்டுவந்த சுண்டலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கூட்டம் நடைபெறவில்லை என்று அக்காவே அறிவித்தார். அடுத்த வருடமும் ஏறக்குறைய இதே கதைதான். எப்போதாவது பஸ் ஒழுங்காக வந்த வருடத்தில் தீர்மானம் போய்ச் சேர்ந்தது. மேலிடம் அதைக் கிடப்பில் போட்டது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.

ஒருமுறை வடக்கே நடந்த மாநாட்டுக்கு இருவரும் போனோம். சாப்பாட்டு மணி அடித்து, பாதிப்பேர் எழுந்து போகிற நேரம் பார்த்துத்தான் அக்காவைப் பேச அழைத்தார்கள். தட்டுச் சத்தத்துக்கு நடுவில், தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில், கிராமத்து நூலகர்களைப் பற்றிச் சொல்லி முடித்தார். நிர்வாகி ஒருவர் பெருந்தன்மையாக ஒன்றைத் தர முன்வந்தார். அவர்களை இணை உறுப்பினராகச் சேர்க்கலாம், அடையாள அட்டை உண்டு, ஓட்டு கிடையாது. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது. அக்கா மேடையிலேயே முடியாது என்றுவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கையில எட குறைஞ்சா கணக்கப்பிள்ள அரைப்பேரு போடுவாரு தம்பி, பாதிக் கூலிதான். நாள் பூரா மலையில நின்னுருப்பாங்க எங்கம்மா. அட்ட கடிச்சு காலெல்லாம் ரத்தமா லயத்து வீட்டுக்கு வருவாங்க. அன்னைக்கி அவங்க முழு ஆளு இல்ல, அரை ஆளு. நாளைக்கிச் சரியாயிரும்னுதான் சொல்லுவாங்க. அரைப்பேர ஒருக்கா வாங்கிட்டா அப்புறம் முழுசா யாரு தருவா?"

ஆனாலும் அவர் செய்தது சரி என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அந்த அட்டையை வாங்கியிருந்தால் பாண்டிச்செல்வி போன்றவர்களுக்குச் சங்கத்துக்குள் கால் வைக்க ஓர் இடமாவது இருந்திருக்கும். அக்கா இளைத்தது அந்த மறுப்புக்குப் பின்னால்தான். மேலிடம் அவரைத் தகராறு பிடித்த கிழவி என்று ஒதுக்கியது. டவுன் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பொதுக்குழு கூடாத கிளையைச் சமவெளிக் கிளையோடு இணைத்துவிடுவோம் என்று எச்சரிக்கையும் வந்தது.

கடைசிப் பொதுக்குழு போன மழைக்காலத்தில். மேல்மலைச் சாலையில் பூம்பாறைக்கு அப்பால் மரம் விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் அக்கா ஹால் வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பஸ் வராதுக்கா. ஒங்க பிடிவாதத்துல சங்கமே செத்துரும்" என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. "வராதுன்னு தெரியும் தம்பி. இந்தச் சங்கத்தால ஒண்ணும் ஆகப்போறதில்லன்னும் தெரியும். அதுக்காக அவங்க வராம அவங்க பேர்ல முடிவெடுக்கச் சொல்றீங்களா?" என்றார். உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதையும் அவர் கேட்கவில்லை.

அக்கா போன பிறகு அதே ஹாலில் கிளையின் பொதுக்குழுவை இரங்கல் கூட்டத்தோடு சேர்த்துக் கூட்டினார்கள். சமவெளியிலிருந்து சங்கத் தலைவர் காரில் வந்திருந்தார். முதலில் இரங்கல், அடுத்து கிளை இணைப்பு, அதன்பின் கிராமத்து நூலகர்களுக்கு ஓட்டில்லாத இணை உறுப்பினர் பதவி. மேசைமேல் அக்காவின் படம், சந்தன மாலையோடு. மேல்மலைக்காரர்கள் யாரும் வந்து சேரவில்லை. கோரம் இல்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்தார். டீ வந்தது.

நான் எழுந்து, கூக்கால் பஸ் வரட்டும் என்றேன். சிலர் பிரியமாகச் சிரித்தார்கள். அக்காவைப் போலவே பேசிக் காட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலைவர் கெட்டவரில்லை. என் தோளைத் தொட்டு, "ஒங்க வருத்தம் புரியுதுங்க சார். மஞ்சு எறங்குறதுக்குள்ள நானும் மலையிறங்கணுமில்ல?" என்றார். டீ முடிந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். பிறகு மற்ற இரண்டும் வாக்கெடுப்புக்கு வந்தன. எதிர்த்து உயர்ந்த கை என்னுடையது மட்டும்தான். கீழே இருந்த கைகளை நான் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டிச்செல்வியும் மேல்மலை ஊர்க்காரர்களும். சேலையெல்லாம் ஈரம். பாண்டிச்செல்வி ஒரு பிளாஸ்டிக் பையில் தோட்டத்துச் சாமந்தியைப் பறித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பஸ்ஸு வழியில நின்னுபோச்சு சார். நடந்து வந்து கேரட் வண்டியில ஏறி வாரோம். அக்காவப் பத்தி நான் ரெண்டு வார்த்த பேசலாமா?"

"கூட்டம் முடிஞ்சிருச்சும்மா."

அவர் மடக்கிய நாற்காலிகளைப் பார்த்தார். "எங்க ஓட்டு விசயம்?"

"அதுவும் முடிஞ்சிருச்சு."

"அப்ப எங்களுக்கு அரைப்பேருதானா சார்?"

அக்கா அந்தக் கதையை இவரிடமும் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த பஸ்ஸைப் பற்றிய ஒரு சொல்தான். மலைக்கிளை இனி இல்லை. ஆனாலும் சமவெளியில் எங்கே கூட்டம் போட்டாலும் போவேன். தலைவர் அரை மணி நேரம் ஒத்திவைப்பதாகச் சொல்லும்போது எழுந்து, கூக்கால் பஸ் வரட்டும் என்பேன். அங்கே யாருக்கும் கூக்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கூக்கால் பஸ்ஸும் அந்தப் பக்கம் போகிறதில்லை.

அன்றைக்குப் பாண்டிச்செல்வி சாமந்தியைப் படத்துக்கு முன்னால் கொட்டினார். அக்காவைக் கும்பிட்டார். கடைசி பஸ் போய்விடும் என்று கூட வந்தவர்கள் அவசரப்படுத்த, வெரசாகப் படியிறங்கிப் போனார்.